துணிக்கு அடியில் இருக்கிறது சோபா

சோபா பழசாகிவிட்டது என்கிறோம். பெரும்பாலும் பழசானது துணியும் ஸ்பாஞ்சும்தான். சட்டம் தேக்காக இருந்தால் இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பக்கக் கையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கிறீச்சிடாமல், முறுக்கிக்கொள்ளாமல் எழும்பினால் குஷன் வேலைக்காரரைக் கூப்பிடலாம். மரத்தூள் பலகையில் செய்த மலிவுச் சட்டம் என்றால் கூலி தண்டம். அதில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின் நிற்காது.

கைதேர்ந்தவர் பழைய துணியைக் கிழித்தெறிய மாட்டார். சோபாவைக் கவிழ்த்து, அடியில் உள்ள கறுப்புத் துணியின் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். அடுத்து வெளி முதுகு, பிறகு கைகள். கழற்றும் துண்டு ஒவ்வொன்றிலும் எது மேல், எது இடது என்று சாக்பீஸால் குறிப்பார். அந்தத் துண்டுகளே புதுத் துணிக்கு அளவு. கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் அதுவே அடிக்கும் வரிசை.

பழைய சோபாக்களில் துணியும் ஸ்பாஞ்சும் போன பிறகு தெரிபவை சாக்கு, ஸ்பிரிங், குறுக்கும் நெடுக்கும் பின்னிய சணல் பட்டை. உட்காரும் இடம் குழி விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டையைத்தான். தளர்ந்த பட்டைமேல் எவ்வளவு ஸ்பாஞ்ச் வைத்தாலும் குழி திரும்ப வரும்.

ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் பாலியூரித்தேனை உருவாக்கினார். இன்றைய ஸ்பாஞ்ச் அதன் வழி வந்தது. அதற்கு முன் தேங்காய் நார், பஞ்சு, குதிரை முடி. கடையில் ‘40 டென்சிட்டி’ என்றால் ஒரு கனமீட்டர் ஸ்பாஞ்சின் எடை 40 கிலோ என்று பொருள். கெட்டியா மெத்தென்றா என்பது வேறு கணக்கு. அதைக் கையால் அமுக்கித்தான் பார்க்க வேண்டும். இருக்கைக்கு 40, முதுகுக்கு 32 போதும்.

சோபாத் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். அது எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும் என்பதை மார்ட்டின்டேல் சோதனை சொல்லும். தினசரிப் புழக்கத்துக்கு 20,000க்குக் குறையாமல் கேளுங்கள். வெல்வெட் என்றால் எல்லாத் துண்டிலும் இழை ஒரே பக்கம் படிய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே சோபா இரண்டு நிறமாகத் தெரியும். பளபளக்கும் பி.யு. ரெக்சினை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது செதில் செதிலாக உரியும்.

புதுத் துணியை அடிக்கும்போது முதல் பின் முன்பக்கத்தின் நடுவில் விழும். அடுத்தது, துணியை இழுத்துப் பிடித்து நேர் எதிரே பின்பக்க நடுவில். அங்கிருந்து மூலைகளை நோக்கி நகர்வார்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் கோடுபோட்ட துணி கோணிக்கொள்ளும்.

பேரம் பேசும்போது துணியின் மீட்டர் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டை மாற்றுவதும் கூலியில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.