நீரிழிவுக் குருதிக்குழாய் நோயில் செல்புற நுண்பைகளின் பங்கு

திறவுச்சொற்கள்: நீரிழிவு, செல்புற நுண்பை, உட்சுவர்ச் செல், மைக்ரோ ஆர்.என்.ஏ, செஞ்சி

செஞ்சிக் கோட்டையின் இராசகிரிப் படிகளில் ஏறும் ஒருவருக்குக் கெண்டைக்காலில் வலி தோன்றி, சற்று நின்றதும் தணியுமாயின் அதனை வயதின் தளர்ச்சி என்று ஒதுக்கிவிட இயலாது. அவர் நீரிழிவுடையவராயின் காலுக்குச் செல்லும் தமனி சுருங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. இது பெருநகரச் சிக்கல் மட்டுமன்று. 2011இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, தமிழக ஊரகங்களிலேயே வயது வந்தோருள் 7.8 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் எனக் கண்டறிந்தது.

தமனியின் உட்சுவர்ச் செல்கள் சேதமுறுவதற்கு மிகைச் சர்க்கரை காரணம் என்பது பழைய செய்தி. அச்சேதம் செல்லிலிருந்து செல்லுக்கு எவ்வாறு பரவுகிறது என்பதே அண்மைக்கால வினா. இதற்கான விடையின் ஒரு பகுதி செல்புற நுண்பைகளில் உள்ளது. 1967இல் பீட்டர் உல்ஃப் குருதித்தட்டுகள் உதிர்க்கும் நுண்துகள்களைத் ‘தட்டுத்தூசி’ என்றழைத்தார். தூசியெனக் கருதப்பட்டவை செய்தி சுமப்பவை என்று உணரப்படப் பல ஆண்டுகள் ஆயின. செல்லுக்குள் உருவாகி வெளியேறும் எக்சோசோம்கள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவின; செல்சவ்விலிருந்து நேரடியாக மொட்டுவிட்டுப் பிரிபவை 1000 நானோமீட்டர் வரை பெரியவை.

நலமான உட்சுவர்ச் செல் வெளியிடும் நுண்பை, மைக்ரோ ஆர்.என்.ஏ-126 என்னும் மூலக்கூற்றை அண்டைச் செல்லுக்குக் கொண்டு சேர்க்கிறது. அது அங்குள்ள ஸ்ப்ரெட்-1 புரதத்தைக் குறைத்துக் காயம் ஆறத் துணைபுரிகிறது. மிகைச் சர்க்கரையில் வளர்க்கப்பட்ட செல்களின் நுண்பைகளில் இம்மூலக்கூறு குறைந்திருப்பதையும் அவற்றின் சீராக்கும் திறன் குன்றுவதையும் 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். நுண்பைகள் எண்ணிக்கையில் பெருகியும் பயனில் குறையலாம் என்பதே இங்குக் கருதத்தக்கது. மேலும், பல நுண்பைகளின் புறப்பரப்பில் வெளிப்படும் பாஸ்பாடிடைல்செரின் குருதியுறைவைத் தூண்டுகிறது. ஏற்கெனவே சுருங்கிய தமனியில் இது கூடுதல் இடராகும். எனினும் நோயாளியின் குருதியில் நுண்பைகள் மிகுந்திருப்பது நோயின் காரணமா, விளைவா என்பதை அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

அந்த எண்ணிக்கையையும் எளிதில் நம்பிவிடலாகாது. செஞ்சியில் எடுக்கப்படும் குருதி, சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை ஆய்வகத்திற்குப் பேருந்தில் குலுங்கிச் சென்றால், குழாய்க்குள்ளேயே தட்டுகள் புதிய நுண்பைகளை உதிர்க்கும். அவை நோயினால் பிறந்தவை அல்ல, பயணத்தினால் பிறந்தவை. உணவுக்குப்பின் பெருகும் கொழுப்புத் துகள்களும் அளவொப்புமையால் எண்ணிக்கையில் கலந்துவிடும். எனவே வெறும் வயிற்றில் குருதியெடுத்து, தாமதமின்றி அவ்வூரிலேயே இருமுறை மையவிலக்குச் செய்து, தட்டுகள் நீங்கிய பிளாஸ்மாவை உறைநிலையில் அனுப்புதல் வேண்டும்.