சரத்தில் கோத்த ஊர்கள்

"மதுரை:வைகை;திருச்சி:காவிரி;ஈரோடு:காவிரி;நெல்லை:தாமிரபரணி;"

பூச்சரம்போல ஒரே நீளத்தில் கோத்து வரும் இத்தகைய எழுத்துத் தொடரை நிரலாளர்கள் 'ஸ்ட்ரிங்' என்கிறார்கள். தமிழில் 'சரம்' என்பது அதற்கு அழகாகப் பொருந்துகிறது. அரைப்புள்ளி ஓர் ஊரை அடுத்த ஊரிலிருந்து பிரிக்கிறது. முக்காற்புள்ளி ஊரையும் ஆற்றையும் பிரிக்கிறது. எந்த ஆற்றங்கரையில் எந்தெந்த ஊர்கள் என்று கணினி தொகுத்துத் தர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பழைய பாணி ஜாவாஸ்கிரிப்டில் இதற்கே பத்துப் பன்னிரண்டு வரிகள் பிடிக்கும். சரத்தை 'ஸ்பிளிட்' கொண்டு அரைப்புள்ளிகளில் வெட்டி, எண்ணிக்கை வைத்து ஒரு லூப் ஓட்டி, ஒவ்வொரு துண்டையும் மறுபடி வெட்டுவார்கள். அந்த ஆற்றுக்கு ஏற்கெனவே பட்டியல் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் புதிதாகத் தொடங்கி, அதில் ஊரைச் சேர்ப்பார்கள். நீளம்கூடப் பெரிய சிக்கல் இல்லை. பூஜ்யமாவது துண்டு, ஒன்றாவது துண்டு என்று எண்களாகவே எழுதியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது ஊர், எது ஆறு என்று எழுதியவருக்கே விளங்காது.

2009இல் வந்த ஜாவாஸ்கிரிப்டின் ஐந்தாம் பதிப்புத் தரநிலை, பட்டியலின் உறுப்புகளை மாற்றும் மேப், வடிகட்டும் ஃபில்டர், ஒன்றாகத் திரட்டும் ரெட்யூஸ் ஆகியவற்றைக் கொடுத்தது. 2015 பதிப்பில், வெட்டிய துண்டுகளுக்கு அந்த இடத்திலேயே 'ஊர்', 'ஆறு' என்று பெயர் சூட்டும் வசதி வந்தது. உண்மையான எளிமை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் பலர் வேறு பக்கம் போனார்கள்: வெட்டுதல், பெயரிடுதல், தொகுத்தல் மூன்றையும் ஒரே ரெட்யூஸுக்குள் அடைத்தார்கள். வரி குறைந்தது, வாசிப்பவரின் பாடு கூடியது. மூன்று வேலைகளை மூன்று படிகளாக எழுதுவதே நல்ல நிரல்.

மூன்றாவது படிக்கு மொழியின் தரநிலையிலேயே ஒரு சொல் கிடைக்கத்தான் 2024 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியல்களுக்கே 'குரூப்பை' என்ற செயலைக் கொடுப்பதுதான் முதல் திட்டம். ஆனால் 'சுகர்' என்ற நூலகத்தின் பழைய பதிப்புகள் அதே பெயரில் வேறு மாதிரி இயங்கும் ஒரு செயலை வைத்திருந்தன. அவற்றை நம்பியிருந்த தளங்கள் உடைந்துபோகும். 'குரூப்' என்று சுருக்கிப் பார்த்தார்கள், அதற்கும் முட்டுக்கட்டை. இணையத்தில் ஏற்கெனவே ஓடுவதை உடைக்கக் கூடாது என்பதில் தரநிலைக் குழுவினர் உறுதியாக இருந்தார்கள். முடிவில் 'ஆப்ஜெக்ட்.குரூப்பை', 'மேப்.குரூப்பை' என்று இரண்டாக, வேறு இடத்தில் அது குடியேறியது. குரோம் 117 முதல் இது இயங்குகிறது. இப்போது தொகுக்கும் வேலை ஒரே வரி: காவிரியின்கீழ் திருச்சியும் ஈரோடும் தாமாக வந்து அமர்கின்றன.

இதில் சத்தமில்லாத ஒரு நன்மையும் உண்டு. வெறும் அடைப்புக்குறி போட்டு உருவாக்கும் 'ஆப்ஜெக்ட்' எனும் பொருளுக்குள் 'கன்ஸ்ட்ரக்டர்' போன்ற பெயர்கள் பிறவியிலேயே இருக்கின்றன. தரவில் அதே சொல் தலைப்பாக வந்துவிட்டால், 'பட்டியல் ஏற்கெனவே உண்டு' என்று பழைய நிரல் ஏமாந்து பிழையில் நின்றுவிடும். ஆப்ஜெக்ட்.குரூப்பை தருவதோ பரம்பரைச் சொத்து எதுவும் இல்லாத வெற்றுப் பொருள்.

ஆனாலும் வெட்டும் இடத்தில் கவனம் தேவை. மேலே உள்ள சரம் அரைப்புள்ளியில் முடிகிறது. ஸ்பிளிட் அதற்குப் பின்னும் ஒரு வெற்றுத் துண்டைத் தரும். ஃபில்டர் வைத்து அதை நீக்காவிட்டால், 'அன்டிஃபைண்ட்' என்ற பெயரில் இல்லாத ஓர் ஆறு பட்டியலில் ஏறிவிடும். தகவல்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்புகளில் சங்கடம் இன்னும் பெரிது. "அண்ணா சாலை, சென்னை" என்ற முகவரியை மேற்கோள்குறிக்குள் வைத்தால் அது ஒரே தகவல்தான் என்கிறது 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம். ஸ்பிளிட்டுக்கு அது தெரியாது. காற்புள்ளியைக் கண்ட இடத்தில் வெட்டிவிடும். அங்கே பாபா பார்ஸ் போன்ற தேர்ந்த நூலகத்தை நாடுவதே முறை.

பழைய நிரலை எளிமையாக்க உட்காருபவர்கள், அதை அழிக்கும் முன் ஒரு வெற்றுச் சரத்தையும், அரைப்புள்ளியில் முடியும் ஒரு சரத்தையும் அதற்குக் கொடுத்து, வரும் விடைகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். புதிய நிரலின் விடைகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழையதை நீக்குங்கள்.