சவுக்கில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

சின்ன வயதில் சவுக்குத் தோப்புக்குள் நாங்கள் விளையாடிய விளையாட்டு ஒன்று உண்டு. பச்சை ஊசி ஒன்றைப் பறித்து, நடுவே ஏதாவதொரு கணுவில் மெல்ல இழுத்தால் 'டிக்' என்று கழன்று வரும். அதை அதே இடத்தில் திரும்பச் செருகி, "எங்கே ஒட்டியிருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று எதிரே இருப்பவரிடம் நீட்ட வேண்டும். கண்ணருகே வைத்துப் பார்த்தாலும் சுலபத்தில் பிடிபடாது.

போன டிசம்பரில் என் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். மரக்காணம் பக்கம் சித்தப்பாவின் தோப்பில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் மரம் வேண்டும் என்று குடும்பத்தோடு போயிருந்தோம். விளையாடி முடித்தவள் சித்தப்பாவிடம் கேட்டாள்: "தாத்தா, பைன் மரத்து இலையும் இப்படித்தான் கழலுமா?"

கழலாது. சவுக்கு, பைன் இனமே இல்லை.

ஊசிபோல் தெரிவது சவுக்கின் இலையும் இல்லை. அது ஒரு மெல்லிய பச்சைக் கிளை. ஒரு சாண் நீளம் இருக்கும், பருமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கழன்ற கணுவின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை குட்டிப் பற்கள், வெளிறிய நிறத்தில், கிரீடம்போல் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தான் இலைகள். அவை சேர்ந்து கணுவைச் சுற்றி உறைபோல் மூடியிருப்பதால்தான், திரும்பச் செருகினால் ஒட்டிய இடம் தெரிவதில்லை.

இலைகள் இவ்வளவு சிறுத்துவிட்டதால் உணவு சமைக்கும் வேலையைக் கிளையே ஏற்றுக்கொண்டது. ஊசியின் நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். காற்று போய்வரும் நுண்துளைகள் மேட்டில் கிடையாது, பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மெல்லிய மயிர்களும் உண்டு. கடற்காற்று நாள் முழுக்க வீசினாலும் அந்தப் பள்ளத்து ஈரத்தை எளிதில் பறித்துக்கொண்டு போக முடியாது. தண்ணீர் நிற்காத மணலில், உப்புக்காற்றில் இந்த மரம் பச்சைப்பசேலென்று நிற்பதன் முக்கியக் காரணம் இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத ஏற்பாடு இது.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் ஃபிர் மரத்தின் ஊசி உண்மையான இலைதான். தட்டையாக இருக்கும்; அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். நுண்துளைகள் வரிசை வரிசையாக இருப்பது அந்தக் கோடுகளில். குளிர்காலத்தில் அங்கே மண்ணின் நீர் உறைந்துவிடும், வேரால் உறிஞ்ச முடியாது. சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தாலும் மரத்துக்குத் தாகம்தான். அந்தத் தாகத்தைத் தாங்கத்தான் ஒடுங்கிய, மெழுகு பூசிய ஊசியிலை. ஆக, உறைந்த மண்ணில் ஃபிரும் கொதிக்கும் மணலில் சவுக்கும் தண்ணீரை மிச்சம் பிடிக்கப்போய் ஒரே சாயலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டின் வம்சமும் பிரிந்து ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சவுக்கு பூக்கும் தாவரம். ஓக், வால்நட் மரங்களுக்குத்தான் அது தூரத்து உறவு.

ஜெர்மன் மொழி பேசிய ஊர்களில் வீட்டுக்குள் ஃபிர் மரம் வைக்கும் வழக்கம் பழையது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டதை 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகளெங்கும் அது பரவியது. நம் ஊருக்கு வந்தபோது ஃபிருக்கு எங்கே போவது? கையெட்டும் தூரத்தில் சவுக்கு இருந்தது.

சவுக்கும் வந்தேறிதான். தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் அதன் பிறப்பிடம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி சென்னையை ஒட்டிய கடற்கரையில் பரப்பினார்கள். 'காசுவரினா' என்ற அறிவியல் பெயர், காசுவரி என்ற பறவையின் இறகுபோல் கிளைகள் தொங்குவதால் வந்தது. வெறும் மணலில் அதற்கு எரு போடுவது யார் என்று கேட்டால், வேரைத் தோண்டிப் பாருங்கள். கொத்துக் கொத்தாக முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. வீட்டில் வைக்கும் உயரத்துக்கு ஃபிர் வளர ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். நல்ல இடத்தில் நட்ட சவுக்கோ ஒரே ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும்.

மரத்துக்கு வருவோம். கடலோரம் வனத்துறை வளர்த்த சவுக்கில் கை வைக்கக் கூடாது. அது புயலுக்கும் மணலுக்கும் போட்ட வேலி. பட்டாத் தோப்பில் வெட்டு நடக்கும்போது கேட்டு வாங்குவதே முறை. சாரத்துக்கும் பந்தலுக்கும் அடிமரம் போகும். கம்புக்கு உதவாத மெல்லிய நுனிக்கொண்டை மிளாரோடு மிளாராக ஒதுக்கப்படும். நமக்கு வேண்டியது அந்தக் கொண்டைதான். கீழே அகன்று மேலே கூம்பி, நான்கு பக்கமும் கிளை நிரம்பியிருக்கும். சித்தப்பா ஐந்தாறு கொண்டைகளை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார். மகள் சுற்றிச் சுற்றி வந்து, காய் நிறைய இருந்த ஒன்றைப் பொறுக்கினாள். மழை பெய்து ஓய்ந்த நேரம். தோளில் தூக்கியதும் ஊசி நுனிகளில் தொங்கிய நீரெல்லாம் கழுத்தில் கொட்டியது.

வீட்டில் பெயின்ட் வாளியில் ஈரமணல் நிரப்பி, அடித்தண்டை இரண்டு விரற்கடை புதிதாக நறுக்கி ஆழமாக நட்டோம். வெட்டி வைத்த முனை காய்ந்து அடைத்துக்கொண்டால் நீர் ஏறாது, அதனால்தான் அந்த நறுக்கல். மணலைத் தினமும் நனைக்க வேண்டும். ஊசிக்கிளைகள் பாரம் தாங்காமல் தொங்கிவிடும் என்பதால் கண்ணாடிக் குண்டுகளை ஒதுக்கிவிட்டு, பஞ்சும் காகித நட்சத்திரமும் போட்டோம். அம்மா அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டே அடுப்படியிலிருந்து, "இடதுபக்கம் காலியா இருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடியில் குடில். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே சீரியல் பல்பு சுற்றினோம். மெழுகுவத்தியை மட்டும் கிட்டே கொண்டுபோகவே கூடாது. சவுக்கு பச்சையாகவே எரியக்கூடிய விறகு. வாடிய கொண்டையில் நெருப்புப் பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கூரையைத் தொடும்.

மகளுக்குப் பிடித்த காய்கள் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியவை, பைன் கூம்பின் குட்டிபோல் இருக்கும். உண்மையில் பெண்பூக்களின் கொத்து முழுவதும் சேர்ந்து கட்டையானதுதான் அந்தக் காய். ஜனவரி 6 அன்று மரத்தைக் கலைத்தோம். பழுப்பேறிய கிளைகள் கணுக்கணுவாக உதிர்ந்து கொட்டின. கட்டை வெந்நீர் அடுப்புக்குப் போனது. முற்றிய காய்களை மட்டும் அவள் செய்தித்தாளில் பரப்பி வெயிலில் வைத்தாள். மூன்றாம் நாள் ஒவ்வொரு காயிலும் வாய் வாயாகத் திறந்திருந்தது. தாளின் மேல் ஒற்றைச் சிறகு ஒட்டிய பொடி விதைகள். "மூச்சு விடாதீங்கப்பா, பறந்துடும்" என்றாள்.