பல்லுக்கு பதில் ஸ்குரூ: கண்ணு போயிடுமா? மூளைக்கு ஏறிடுமா?
'இம்ப்ளான்ட்' பற்றி நிலவும் 8 தவறான நம்பிக்கைகள்

ஜமுனாமரத்தூர்:
பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? சோறும் போச்சு. கடைவாய்ப் பல் நாலு விழுந்தால் பலாச்சுளை, கறி, வேர்க்கடலை எல்லாம் எட்டாக்கனி. களியை விழுங்கி காலம் தள்ள வேண்டியதுதான்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இருந்து பல் வைத்தியத்துக்காக போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் என்று பஸ் ஏறுபவர்கள் உண்டு. கீழே டவுனில் 'இம்ப்ளான்ட்' என்ற போர்டு பல இடங்களில் தொங்குகிறது. ஆனால் அதைப்பற்றி உலாவும் கதைகளோ ஏராளம். எது நிஜம், எது டூப்? இதோ விவரம்.

இம்ப்ளான்ட் என்றால் என்ன?

பல் விழுந்த இடத்தில், தாடை எலும்புக்குள் டைட்டானியம் உலோகத்தால் ஆன சின்ன ஸ்குரூவை பதிப்பார்கள். எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிடும். பிறகு அதன் மேல் பல் வடிவத்தில் கேப் மாட்டுவார்கள். சுவீடன் நாட்டு டாக்டர் பிரனேமார்க் என்பவர் 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதை வைத்தார். அந்த நோயாளி 2006-ல் இறக்கும் வரை, 40 வருஷம் அந்தப் பற்கள் நிலைத்தன.

1. 'மேல் பல்லில் கை வைத்தால் கண் போயிடும்'

தவறு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மூளைக்கும் ஸ்குரூ போகாது. அதன் நீளமே சுமார் 1 சென்டிமீட்டர்தான். ஆனால் கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் இடித்தால் உதடு மரத்துப் போகும். அதனால்தான் முன்கூட்டியே எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிறார்கள். ஸ்கேன் வேண்டாம் என்று காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

2. 'இரும்பு ஆச்சே, துரு பிடிக்கும்'

இது இரும்பு இல்லை. டைட்டானியம் வாய்க்குள் துருப்பிடிக்காது. பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவும் தடை இல்லை. இம்ப்ளான்ட் இருப்பதை முன்பே சொல்லிவிட்டால் போதும்.

3. 'வயசாயிடுச்சு, இனி முடியாது'

வயது தடை இல்லை. 70 வயதுக்காரருக்கும் வைக்கிறார்கள். எலும்பு, உடம்பு நிலைதான் முக்கியம். உண்மையில் கூடாதது சின்னப் பசங்களுக்குத்தான். தாடை வளர்ந்து முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

4. 'சர்க்கரை இருந்தா வைக்கவே கூடாது'

கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். எகிறிக் கிடந்தால் புண் ஆறாது, எலும்பு ஒட்டாது. 3 மாத சராசரி சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட்டோடு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

5. 'ஒரே நாளில் வேலை முடிஞ்சிடும்'

சிலருக்கு மட்டும் தற்காலிகப் பல்லை அன்றே மாட்டலாம். பொதுவாக ஸ்குரூ எலும்போடு ஒட்ட 3 முதல் 6 மாதம் ஆகும். அதனால் மலைக்கு மேலும் கீழுமாக பல தடவை அலைய வேண்டி வரும். பஸ் செலவு, போகிற கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

6. 'பல்லு போய் எத்தனை வருஷம் ஆனாலும் வெச்சுக்கலாம்'

வைக்கலாம், ஆனால் கஷ்டம். பல் பிடுங்கிய முதல் வருஷத்திலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் பாதி வரை குறைந்துவிடலாம். பிறகு எலும்புத்தூள் வைத்து மேடாக்க வேண்டி வரும். அதற்கு தனி செலவு.

7. 'செயற்கைப் பல் சொத்தை ஆகாது, விளக்க வேண்டாம்'

சொத்தை ஆகாதுதான். ஆனால் சுற்றி இருக்கும் ஈறு சீழ் பிடிக்கும், எலும்பு அரிக்கும், கடைசியில் ஸ்குரூவே ஆடிக் கழன்று வரும். தினமும் 2 வேளை விளக்கியே ஆகவேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம்.

8. 'விழுந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு ஸ்குரூ'

தேவையில்லை. கீழ்த்தாடையில் எல்லாப் பல்லும் போனவர்களுக்கு 2 இம்ப்ளான்ட் வைத்து, பல் செட்டை சட்டை பட்டன் மாதிரி அதில் மாட்டிவிடலாம். கழற்றிக் கழுவலாம். சாப்பிடும்போது செட் நழுவாது.

செலவு எவ்வளவு?

தனியார் கிளினிக்குகளில் ஒரு பல்லுக்கு பொதுவாக 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். கந்துவட்டிக்கு வாங்கி வைக்க வேண்டிய அவசரம் இதில் இல்லை. கழற்றி மாட்டும் பல் செட், பக்கத்துப் பல்லைப் பிடித்து நிற்கும் 'பிரிட்ஜ்' என்று செலவு குறைந்த வழிகளும் உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மலிவு என்று ஏமாறாதீர்கள்

மலையில் இருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி. அங்குள்ள ஒரு பல் கிளினிக்கில் 2023-ல் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளையைத் தாக்கும் கொடிய கிருமித் தொற்று வந்தது. தொற்று வந்த 10 பேரில் 8 பேர் இறந்தனர். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் உள்ளிட்டோர் ஆய்வு செய்ததில், வாய் கழுவப் பயன்படுத்திய, திறந்த சலைன் பாட்டிலில் அந்தக் கிருமி இருந்தது தெரியவந்தது. 2025-ல் மருத்துவ இதழில் இது வெளியாகி தமிழகத்தையே அதிர வைத்தது.

அவர்களைக் கொன்றது இம்ப்ளான்ட் அல்ல, சுத்தமின்மை. அதனால் நாற்காலியில் உட்காரும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்:

* பி.டி.எஸ். படித்து பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்த டாக்டரா?

* கருவிகளை ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்டெரிலைஸ் செய்கிறார்களா?

* சலைன் பாட்டில் உங்களுக்காகப் புதிதாகத் திறந்ததா?

* என்ன கம்பெனி ஸ்குரூ, மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்களா?

இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் கிளினிக்கா? எழுந்து வந்துவிடுங்கள். பல்லை அடுத்த மாதமும் வைத்துக்கொள்ளலாம்.