142 வருஷ நிலக்கரி கரன்ட்... பிரிட்டன் சுவிட்ச் ஆஃப் செய்த கதை!

இதைப் படிக்கும்போது உங்க போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு? நீங்க இந்தியாவில் இருந்தா, அதில் கணிசமான பங்கு கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய வெயில்! அந்த வெயிலில் வளர்ந்த சதுப்புநிலக் காடுகள் சேற்றில் புதைந்து, மட்காமல், மண்ணின் அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகியதுதான் நிலக்கரி.

இதைப் பெரிய அளவில் எரிச்ச நாடு பிரிட்டன். 16-ம் நூற்றாண்டில் விறகு விலை ஏற, லண்டன்வாசிகள் நியூகாசிலில் இருந்து கப்பலில் வந்த கரிக்கு மாறினாங்க.

கரியைத் தின்ற இயந்திரம்

சுரங்கம் ஆழமாக ஆழமாக, உள்ளே தண்ணீர் புகுந்தது. அதை இறைக்க, 1712-ல் தாமஸ் நியூகோமன் நீராவி இயந்திரம் செய்தார். கரி எடுக்க இயந்திரம், இயந்திரம் ஓட கரி! 1769-ல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற மாற்றத்தால் கரிச்செலவு வெகுவா குறைஞ்சது. அப்போ கரித் தேவையும் குறைஞ்சிருக்கணுமே? இல்லை, கூடுச்சு. செலவு கட்டுப்படியாக, ஆலைகளும் நீராவிக்கு மாறின.

1882-ல் லண்டன் ஹோல்பர்னில் எடிசனின் அனல்மின் நிலையம் தெருவிளக்குகளை எரிய வைத்தது.

மூச்சுத்திணறிய லண்டன்

இதுக்கு விலை கொடுத்தது யார்? சிறுவர்களும் சுரங்கத்தில் வேலை பார்த்தாங்க. 10 வயசுக்குக் கீழ்ப்பட்ட பையன்களும் பெண்களும் நிலத்தடியில் வேலை செய்ய 1842-ல்தான் தடை வந்தது. 1952 டிசம்பரில் கரிப்புகையும் பனியும் கலந்து லண்டனை 5 நாள் மூடியது. இறந்தவங்க சுமார் 4,000 பேர்னு அப்போ சொன்னாங்க. பிந்தைய ஆய்வுகளில் அது 12,000 வரை போனது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

2012-ல்கூட பிரிட்டன் மின்சாரத்தில் சுமார் 40% நிலக்கரிதான். 2024 செப்டம்பர் 30-ம் தேதி, ராட்க்ளிஃப்பில் இருந்த கடைசி அனல்மின் நிலையமும் மூடப்பட்டது. அந்த இடத்தைக் காற்றாலை மட்டும் நிரப்பலை. இயற்கை எரிவாயுவுக்கும் பெரிய பங்கு உண்டு.

நம்ம நாட்டில் அந்த அளவுக்கு எரிவாயு கிடையாது. பகலில் சோலார் கைகொடுக்கும். ஆனா நீங்க சார்ஜரைச் செருகுற ராத்திரி 10 மணிக்கு? அந்த நேரத்துக்கான கரன்ட்டைச் சேமிச்சு வைக்கிறதுதான் இனி நமக்கு இருக்கிற பெரிய வேலை.