எழுத கை வராத பிள்ளைக்கு பள்ளிக்கூடத்திலேயே சிகிச்சை: பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன?

திருவொற்றியூர்,

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் காலை 9 மணிக்கு பள்ளிக்கூட வாசலில் நின்றால் அம்மாக்களின் ஓட்டத்தை பார்க்கலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையின் கையை பிடித்து ரோட்டை கடந்து, உள்ளே விட்டுவிட்டு, அப்படியே மீன் கூடையை தூக்கவோ, கம்பெனி வேலைக்கோ ஓட வேண்டும்.

அந்த நேரத்தில், "உங்க பையன் நோட்டுல ஒரு வரி கூட எழுத மாட்டேங்கிறான்ம்மா. வாயால கேட்டா எல்லாம் சொல்றான்" என்று டீச்சர் சொன்னால் என்ன ஆகும்? சாயங்காலம் வீட்டில் பையனுக்கு ரெண்டு சாத்து விழும். "சோம்பேறி, திமிரு" என்று திட்டும் விழும்.

ஆனால் எழுதாத பிள்ளைகள் எல்லோரும் வேண்டும் என்றே எழுதாமல் இருப்பதில்லை. சிலருக்கு பென்சிலை பிடிக்கும் பலம் விரலில் இருக்காது. சிலருக்கு கண்ணால் பார்ப்பதை கையால் போட வராது. சிலருக்கு 10 நிமிடம் முதுகை நிமிர்த்தி உட்கார முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு கைகொடுப்பவர்தான் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்'. தமிழில் செயல்முறை சிகிச்சையாளர் என்கிறார்கள்.

பிள்ளைக்கு என்ன வேலை?

'ஆக்குபேஷன்' என்றால் வேலை, தொழில்தானே, பள்ளிக்கூட பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்கலாம். உட்காருவது, எழுதுவது, சாப்பிடுவது, சட்டை பட்டன் போடுவது, பாத்ரூம் போய் வருவது, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவது, இதெல்லாம்தான் பிள்ளையின் அன்றாட வேலை. இதில் எது முடியவில்லையோ அதை முடிய வைப்பதுதான் இந்த சிகிச்சை.

பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை சிகிச்சையாளர் காலுக்கும் கைக்கும் பலம் கொடுத்து நடக்க வைக்கப் பார்ப்பார். அந்த பிள்ளை வகுப்புக்குள் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை திறந்து எழுதி, மதியம் தன் கையால் சாப்பிடுகிறதா என்று பார்ப்பவர் செயல்முறை சிகிச்சையாளர். பாடம் புரியும்படி சொல்லிக் கொடுப்பவர் சிறப்பு ஆசிரியர். மூன்று பேரின் வேலையும் வேறு வேறு. மூவரும் சேர்ந்து பார்த்தால்தான் பிள்ளை தேறும்.

வகுப்பில் என்ன செய்வார்?

இவர் வந்ததும் மருந்து, ஊசி கிடையாது. முதலில் பிள்ளையை கவனிப்பார். வகுப்பில் எப்படி உட்காருகிறது, மதிய சாப்பாட்டு தட்டை எப்படி பிடிக்கிறது, படி எப்படி ஏறுகிறது, விளையாட்டு நேரத்தில் தனியாக நிற்கிறதா என்று பார்ப்பார். டீச்சரிடமும், அம்மாவிடமும் பேசுவார். பிறகு சின்னச் சின்ன மாற்றங்களை சொல்வார்.

பெஞ்ச் உயரமாக இருந்து கால் அந்தரத்தில் தொங்கினால் பிள்ளையால் நிலையாக எழுத முடியாது. காலுக்கு கீழே ஒரு பலகை போட்டால் போதும். பென்சில் வழுக்கினால் துணியோ, ரப்பரோ சுற்றி தடிமனாக்கலாம். நோட்டை சாய்வான அட்டை மேல் வைத்தால் மணிக்கட்டுக்கு சுலபம்.

சில பிள்ளைகள் லாரி ஹாரன் கேட்டாலே காதை பொத்திக் கொண்டு அலறும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். நமக்கு சாதாரணமான சத்தம் அவர்களுக்கு தாங்க முடியாததாக இருக்கும். அந்த பிள்ளையை ரோட்டு பக்க ஜன்னலில் இருந்து மாற்றி உட்கார வைத்தாலே பாதி அழுகை நின்று விடும். அடித்தால் நிற்காது.

பல்லாங்குழியும் பயிற்சிதான்

விரலுக்கு பலம் வர விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவை இல்லை. சப்பாத்தி மாவு பிசைவது, களிமண் உருட்டுவது, துணி கிளிப்பை கொடியில் மாட்டி எடுப்பது, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக பொறுக்கி டப்பாவில் போடுவது, பல்லாங்குழி ஆடுவது எல்லாமே விரலுக்கு பயிற்சிதான். மீனவர் வீடுகளில் பழைய வலைத் துண்டில் முடிச்சு போட்டு அவிழ்க்கச் சொல்லலாம். எந்த பிள்ளைக்கு எது, எத்தனை நேரம் என்பதை மட்டும் சிகிச்சையாளரிடம் கேட்டு செய்ய வேண்டும்.

பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது. அவசரத்தில் நாமே ஊட்டி, நாமே பட்டன் போட்டு அனுப்பி விட்டால் பிள்ளை கற்றுக் கொள்ளாது. தினமும் 10 நிமிடம் பொறுத்திருந்து அதையே செய்ய விட வேண்டும்.

எப்போது உஷாராக வேண்டும்?

9 மாதம் ஆகியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒன்றரை வயது ஆகியும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 5 வயதிலும் பட்டன் போட திணறினால், பென்சிலை முஷ்டியில் பிடித்தால், அடிக்கடி தடுமாறி விழுந்தால் பள்ளியில் சொல்ல வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்கக் கூடாது. சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம்.

இன்னொன்று முக்கியம். மூளை முடக்குவாதம் என்றதும் அறிவு இல்லை என்று பலர் முடிவு கட்டி விடுகிறார்கள். இது தவறு. கை, கால் ஒத்துழைக்காவிட்டாலும் நன்றாக படிக்கும் பிள்ளைகள் ஏராளம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு சட்டத்தில் 7 வகை குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 வகையாக்கியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு எல்லாம் இதில் அடங்கும். அரசு பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, குறைபாட்டை காரணம் காட்டி பிள்ளையை சேர்க்க மறுக்க முடியாது. 40 சதவீதமோ, அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவச கல்வி உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள் போன்ற சலுகைகளும் சட்டத்தில் சொல்லப்பட்டுள்ளன.

தமிழக அரசு கடுமையாக பாதிக்கப்பட்டவர்களுக்கு வழங்கும் மாத பராமரிப்பு உதவித்தொகை 2023-ம் ஆண்டு 2 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். "அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க" என்று பயந்து வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. அதனால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

எங்கே போவது?

இங்கேதான் சிக்கல். எல்லா அரசு பள்ளியிலும், மாநகராட்சி பள்ளியிலும் தனியாக ஒரு செயல்முறை சிகிச்சையாளர் கிடையாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி திட்டத்தின் கீழ் இயங்கும் வட்டார வள மையங்களில் இருந்து சிறப்பு ஆசிரியர்களும், சிகிச்சையாளர்களும் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஒருவரே பல பள்ளிகளை பார்க்க வேண்டி இருக்கிறது. நடமாட முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கவும் வழி உண்டு.

அதனால் முதலில் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, சிறப்பு ஆசிரியர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். மையத்தின் மருத்துவ முகாம் எப்போது என்றும் கேளுங்கள். அடையாள அட்டைக்கும், உபகரணங்களுக்கும் அங்கேயே வழி காட்டுவார்கள். பள்ளிக்கல்வி உதவி எண் 14417.

ஆஸ்பத்திரி என்றால் பக்கத்தில் ஸ்டான்லி குழந்தைகள் பிரிவு இருக்கிறது. கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. எண்ணூரில் இருந்து அது 20 கிலோ மீட்டருக்கு மேல். வாரா வாரம் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. பாதியில் நிறுத்தி விடும் குடும்பங்கள் பல. பள்ளிக்கூடத்திலேயே இந்த வசதி வேண்டும் என்று பெற்றோர் கேட்பது இதனால்தான். பள்ளி மேலாண்மை குழு கூட்டத்தில் இதை வாய் திறந்து கேட்கலாம்.

"ஒரே ஊசியில சரி பண்ணிடுவோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்களில் நகையை அடகு வைத்து பணம் கட்ட வேண்டாம். இதில் குறுக்கு வழி கிடையாது. தினசரி பயிற்சிதான் பலன் தரும்.

நம்ம பிள்ளைகளும் படிக்கலாம்

இந்தியாவில் இந்த படிப்பை தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1950-ம் ஆண்டு மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் பள்ளியை தொடங்கினார். இன்று வேலூர் சி.எம்.சி., காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ்-2 வில் உயிரியல், இயற்பியல், வேதியியல் எடுத்த மாணவ-மாணவிகள் சேரலாம்.

வடசென்னையில் இருந்து ஒரு பெண் இதை படித்து விட்டு தன் தெரு பள்ளிக்கூடத்துக்கே வேலைக்கு வந்தால், இங்குள்ள அம்மாக்கள் கே.கே.நகர் பஸ்சுக்கு காத்து நிற்க வேண்டியது இல்லை.