41 ஹெர்ட்ஸுக்கு ஒரு வாசல்

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியான ‘ஈ’ நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸில் அதற்கும் கீழே இருக்கும் ‘பி’ தந்தி ஏறத்தாழ 31 முறை. மறுகோடியில், மெல்லிய ‘ஜி’ தந்தியின் இருபதாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தாலும் 311 ஹெர்ட்ஸ்தான். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்த நீண்ட அளவுகோலின் தொடக்கத்திலேயே நின்றுவிடும் கருவி இது. ஆனால் வீட்டுக் கணினியில் பேஸ் பதிவுசெய்ய ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் தேடுவது, அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘192 கிலோ ஹெர்ட்ஸ்’ என்ற எண்ணை. பேஸ் நன்றாகப் பதிவாவதற்கும் அந்த எண்ணுக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை.

ஏன் இல்லை? அந்த எண், ஒலியிலிருந்து நொடிக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கப்படுகின்றன என்ற கணக்கு. ஒரு ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால் போதும், அந்த ஒலியைக் குறைவின்றித் திரும்பப் பெறலாம். இதை 1949இல் வெளியான கட்டுரையில் கிளாட் ஷானன் கணிதமாக நிறுவிக் காட்டினார். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அமைந்தது அதனால்தான். கேட்கக்கூடிய எல்லை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பேஸில் தந்தியை அறையும்போது எழும் ‘டக்’ ஓசை, விரல் உரசும் சத்தம் எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. இன்று கிடைக்கும் மிக மலிவான இன்டர்ஃபேஸும் 44.1, 48 கிலோ ஹெர்ட்ஸில் பதிவுசெய்யும். எண்களாக மாற்றும் வேலை தீர்ந்துபோன சிக்கல். தீராத சிக்கல், எண்ணாக மாறுவதற்கு முன்னால், கேபிள் போய்ச் செருகும் அந்தத் துளையில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி காந்தத்தின் மேலே ஆட, காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல். தந்தியின் அசைவு மிகச் சிறியது என்பதால், தலைமுடி அளவே பருமனுள்ள கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கிறது. அத்தனை நீளக் கம்பிக்கு மின்தடை ஏறத்தாழ 10,000 ஓம் வந்துவிடும். அதோடு, சுருள் என்பதால் அதிர்வெண் ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும். இந்த மொத்த எதிர்ப்பைத்தான் இம்பீடன்ஸ் என்கிறார்கள்.

ஊற்று மெல்லச் சுரக்கும் கிணற்றில் பெரிய மோட்டாரைப் போட்டு இறைத்தால் நீர்மட்டம் சட்டென்று இறங்கிவிடும். பிக்கப்பும் அப்படி மெல்லச் சுரக்கும் மூலம். அதிகம் இழுக்காமல், மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் உள்ளீடு அதற்கு வேண்டும். கீபோர்டு, மிக்ஸர் போன்றவற்றுக்கான ‘லைன்’ உள்ளீட்டின் இம்பீடன்ஸ் சாதாரணமாக 10,000 ஓம் அளவில் இருக்கும். அதில் பேஸைச் செருகினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருளின் தூண்டல் 5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 41 ஹெர்ட்ஸில் பிக்கப் உண்டாக்கிய மின்னழுத்தத்தில் பாதிதான் இன்டர்ஃபேஸுக்குக் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அதற்கு மேலே இன்னும் குறைவு. அடிநாதம் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். விரல் பட்ட கூர்மை, தந்தியின் உலோகக் குணம், ஒரு ஸ்வரம் எங்கே தொடங்கியது என்று காதுக்குச் சொல்லும் விளிம்பு எல்லாம் மழுங்கிவிடும். “என் பேஸ் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கிறது” என்று புதிதாகப் பதிவுசெய்பவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகுவோருக்கு நிலைமை இன்னும் மோசம். அதன் இம்பீடன்ஸ் லைன் உள்ளீட்டைவிடக் குறைவு, இரைச்சல் அதிகம்.

இதே பேஸை 10 லட்சம் ஓம் உள்ளீட்டில் செருகினால் ஆயிரம் ஹெர்ட்ஸிலும் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும் வந்து சேரும். இன்டர்ஃபேஸ்களில் ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ கிட்டார் படம் போட்டோ காட்டியிருக்கும் உள்ளீடு இதுவே. சில பெட்டிகளில் அது தனித் துளை. சிலவற்றில் ஒரே துளைக்கு ஒரு பொத்தான். பொத்தானை அழுத்த மறந்தால் மேலே சொன்ன போர்வை தானாகவே வந்து மூடும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டின் இம்பீடன்ஸ் இருக்கும். 5 லட்சம் ஓமுக்கு மேல் இருந்தால் சரி. 10 லட்சம் இருந்தால் நன்று. நான் முதலில் பார்க்கச் சொல்லும் எண் அதுதான்.

பேஸை ஆம்ப்பின் முன்னால் மைக் வைக்காமல் நேரடியாகப் பதிவுசெய்வதை யாரும் மாற்றுக் குறைந்த வழியாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீட்டை ஸ்டுடியோவாக்கி இயங்கியது மோடவுன் இசைத்தட்டு நிறுவனம். ‘பாம்புக் குழி’ என்று வாத்தியக்காரர்கள் பெயர் வைத்த அந்தச் சிறிய அறையில் டிரம்ஸ், பியானோ, கிட்டார், பேஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். பேஸுக்கு ஆம்ப் வைத்தால் அதன் ஒலி மற்ற எல்லா மைக்குகளிலும் புகுந்துவிடும். எனவே அங்கே பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், டிஐ எனப்படும் இணைப்புச் சுற்று வழியாக நேராக ஒலிப்பதிவுக் கருவிக்குள் போனது. பழைய வழவழப்பான தந்திகள், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்று. அறுபதுகளின் அந்தப் பாடல்களில் பேஸ் எப்படிப் பாடுகிறது என்பதை உலகம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்று தனிப்பெட்டியாக இருந்த டிஐ, இன்று நம் மேசைமீது இருக்கும் இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் துளைக்குப் பின்னால் ஒரு சிறு டிரான்சிஸ்டர் சுற்றாக உட்கார்ந்திருக்கிறது.

நேரடிப் பதிவில் இன்னொரு வசதியும் உண்டு. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி போன்ற 300 வாட் ஆம்ப்பை அடுக்குமாடி வீட்டில் முழக்க முடியாது. சுத்தமாகப் பதிவான பேஸை, நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளில் ஓடவிட்டு ஆம்ப்பின் குணத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் மழுங்கிப் பதிவானதைக் கூர்மையாக்க மட்டும் எந்த மென்பொருளாலும் சரியாக முடியாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, அந்த உள்ளீடு தாங்கக்கூடிய உச்ச அளவு. 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸுக்கு இது முக்கியம். அவற்றுக்குள் இருக்கும் ப்ரீ-ஆம்ப், இம்பீடன்ஸ் சிக்கலைத் தானே தீர்த்துவிடும்; ஆனால் சமிக்ஞையைப் பலமாக அனுப்பும். தந்தியை அறைந்து வாசித்தால் உச்சம் சில வோல்ட்களைத் தொடும். கெயினை முழுக்கக் குறைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால், உள்ளீடு அதைத் தாங்கவில்லை என்று பொருள். விவரக்குறிப்பில் ‘அதிகபட்ச உள்ளீட்டு அளவு’ 12 டிபியு அளவில் இருந்தால் ஏறத்தாழ 3 வோல்ட் தாங்கும். பெரும்பாலான பேஸுக்கு அது போதும். குறைவாக இருந்தால் பேஸின் வால்யூமைச் சற்றுக் குறைத்து வாசிக்கலாம். அலையின் முகடு ஒருமுறை வெட்டுப்பட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. 24 பிட் பதிவில் உச்ச எல்லையை ஒட்டி அளவைக் கூட்டத் தேவையே இல்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி தாராளமாக இடம் விட்டுப் பதிவுசெய்யலாம். இரைச்சல் மேலே வராது. 16 பிட் மட்டுமே உள்ள மிக மலிவான பெட்டிகளில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இனி நம் ஊர் மின்சாரத்தால் வரும் ஒரு தொல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ‘ஈ’ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் கிடைக்கும் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். மின்சாரத்திலிருந்து ஏறும் ‘ம்ம்ம்’ என்ற ஹம், அந்த ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஜி-யை நீட்டிப் பிடித்தால் இரண்டும் மோதி, நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். ஹம்மின் இரட்டை மடங்கான 100 ஹெர்ட்ஸும், விரல் வைக்காத ‘ஜி’ தந்தியின் 98 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. ஆகவே மென்பொருள் வடிகட்டியால் ஹம்மை வெட்டினால் ஜி-யும் சேர்ந்து வெட்டுப்படும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் நமக்கு உதவாது. அங்கே ஹம் விழும் இடம் வேறு.

ஹம்மை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் வழி. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜர். தந்தியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால், உங்கள் உடம்பே ஆன்டெனாவாகச் செயல்படுகிறது. திரை, டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர் விளக்கு ஆகியவற்றிலிருந்து விலகி, திரும்பி உட்கார்ந்து பாருங்கள். ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு பிக்கப்களையும் முழுக்கத் திறந்தால் ஒன்றின் ஹம்மை மற்றது அழிக்கும். பிரிசிஷன் பேஸில் 1957 முதல் வந்த இரட்டைத் துண்டுப் பிக்கப்பின் அமைப்பே அதைச் செய்கிறது. எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சத்தத்தை நிறுத்தும் வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் உலோகத் தந்தியைப் பிடித்துக்கொண்டு உட்காருபவருக்கு அது உயிராபத்து.

பதிவானதைக் கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை வெளியிடுவதே இல்லை. இருந்தாலும் அந்த ஸ்வரம் நமக்குக் கேட்கிறது. 82, 123, 164 என்று மேலே அடுக்காக வரும் அதிர்வெண்களைக் கேட்டு, அவற்றுக்குப் பொதுவான அடித்தளத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. இல்லாத அடிநாதம் கேட்பதை 1840களிலேயே ஆகஸ்ட் சீபெக் சைரன்களை வைத்து ஆராய்ந்தார். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் சிறிய டிரான்சிஸ்டரிலும் தொலைபேசியிலும் கேட்டே நாம் பின்தொடர முடிந்திருக்கிறது. ஆனால் பதிவுசெய்பவருக்கு ஊகம் போதாது. அடியில் அளவுக்கு மிஞ்சித் திரண்டிருப்பது சிறிய ஸ்பீக்கரில் தெரியவே தெரியாது. இன்டர்ஃபேஸில் மிச்சம் பிடிக்கும் பணம் மூடிய வகை ஹெட்போனுக்குப் போகட்டும்.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம் அடுத்த கவலை. கணினி ஒலியைச் சிறுசிறு கட்டுகளாக வாங்கி வேலை செய்கிறது. 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் கொண்ட ஒரு கட்டு 2.7 மில்லி நொடி. போகவர, உள்வேலை எல்லாம் சேர்த்து மொத்தம் 10 மில்லி நொடிக்குள் முடிந்தால் விரலுக்குத் தெரியாது. மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி வந்து சேர ஆகும் நேரமும் அதுதான். அதற்கு மேல் போனால் தாளம் பிசகும். விண்டோஸில் இதைத் தீர்மானிப்பது பெட்டியின் விலையைவிட அதனுடன் வரும் ‘ஆசியோ’ வகை டிரைவர் மென்பொருள். சொந்த டிரைவர் இல்லாத மலிவுப் பெட்டிகளை ‘ஆசியோ ஃபோர் ஆல்’ என்ற பொது மென்பொருளோடு ஓட்டலாம். சில கணினிகளில் சிக்கலில்லாமல் ஓடும், சிலவற்றில் திக்கும். மேக்கில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. வாசிக்கும்போது ஆம்ப் மென்பொருள் தேவையில்லை என்றால், ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானை அழுத்திக் கணினியைச் சுற்றாமலே நேராகக் கேட்கலாம்.

எதை வாங்குவது? பேஸ் மட்டும், எப்போதாவது ஒரு பாட்டு என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ வகை தாராளம். ஆடியன்ட் ஈவோ 4-இன் கிட்டார் உள்ளீடு பேஸுக்குப் பொருத்தமானது. கெயினைத் தானே அளந்து வைக்கும் வசதி புதியவர்களுக்கு உதவும். பெரிங்கர் யூஎம்சி202ஹெச்டி விலை குறைவான இரட்டை உள்ளீட்டுப் பெட்டி. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் மோட்டு எம்2-இன் முகப்புத் திரையில் அளவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆக்டிவ் பேஸ்காரர்களுக்கு நான் அதைச் சொல்வேன். 48 வோல்ட் பொத்தான் கண்டென்ஸர் மைக்குக்கானது, பேஸுக்கு வேண்டாம். நான்கு, எட்டு உள்ளீடுகளுக்குப் பணம் கொடுப்பது டிரம்ஸ் பதிவுசெய்பவரின் தேவை.

பழைய பெட்டி வாங்குவதிலும் தவறில்லை. உள்ளீட்டுச் சுற்றில் பத்தாண்டுகளில் பெரிய மாற்றம் வந்துவிடவில்லை. பணம் கொடுக்கும் முன், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். பிறகு உங்கள் பேஸையே எடுத்துப்போய், இன்ஸ்ட் பொத்தானை அழுத்தி, கெயினைக் கடைசிவரை குறைத்து, எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அவ்வளவு பலமாக வாசித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியாவிட்டால் வாங்கலாம்.